கடைசற் பட்டறையில் ஆங்கிலப் பூட்டு

ஓர் இனம் தன் கையால் செய்யும் தொழிலைத் தன் வாயால் சொல்ல இயலாத நிலைக்கு வந்துவிடுமாயின், அத்தொழில் அவ்வினத்தின் கையில் நெடுநாள் நில்லாது. இவ்வுண்மையை அறிய நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. பாலாற்றங்கரையில், இராணிப்பேட்டையும் வேலூரும் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழிற்பகுதியின் கடைசற் பட்டறைகளுள் ஒரு நாள் நின்று பார்த்தாலே போதும்.

தோல் தொழில் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன தோலும் காலணியும் பாலாற்றின் கேடுமே ஆகும். அத்தொழிலைத் தாங்கி நிற்கும் இரும்புத் தொழிலை எவரும் நினைப்பதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்திய காலத்தில் குழியும் தொட்டியும் கையும் போதுமாயிருந்தன. 1970-களில் நடுவண் அரசு, அரைப்பதமாய் ஆக்கிய தோலை அப்படியே அயல்நாடுகளுக்கு ஏற்றும் வணிகத்தைக் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் செய்து அனுப்புமாறு தூண்டியது. அதன்பின் பொறிகள் பெருகின. தோலின் உட்புறத்து ஊனைச் சீவி எடுக்கும் பொறி, தடித்த தோலை முடிவிலாப் பட்டைக் கத்தியால் இரண்டாகப் பிளக்கும் பொறி, தோலின் தடிப்பை ஒரே அளவாகச் சீவும் பொறி, நீர் பிழியும் பொறி, தோலைத் தட்டித் துவளச் செய்யும் பொறி, தோலும் சாயமும் உருளும் பெருமர உருளைகள் என ஆலைதோறும் நிறைந்தன. 1996-இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபின் கழிவுநீர்த் துப்புரவு நிலையங்களின் எக்கிகளும் காற்றூட்டிகளும் இவற்றோடு முதன்மை பெற்றன.

இவையெல்லாம் உப்பிலும் சுண்ணாம்பிலும் காடியிலும் நனைந்தவாறே இயங்குபவை. எனவே விரைவில் தேய்பவை, அரிக்கப்படுபவை. இவற்றுட் பல இத்தாலி முதலிய நாடுகளிற் செய்யப்பட்டவை. நள்ளிரவில் ஒரு தண்டு முறிந்தால், மாற்றுத் தண்டு கடல்கடந்து வரும்வரை ஆலையுரிமையாளர் காத்திருக்கலாம். சுண்ணாம்பில் ஊறிய தோல் காத்திராது. அது கெடும். அந்நேரத்தில் அவர் தட்டுவது பக்கத்துத் தெருக் கடைசலரின் கதவையே.

அக்கடைசலரிடம் வரைபடம் இல்லை. முறிந்த தண்டின் இரு துண்டுகளே அவருக்கு வரைபடம். தேய்ந்த இடத்தில் எஞ்சிய அளவைக் கொண்டு தேயாமுன் இருந்த அளவை உய்த்துணர்கின்றார். தாங்கி எவ்வளவு இறுக்கமாக அமர வேண்டும், எவ்வளவு தளர்வு விட்டால் ஈரத்தில் பிடித்துக்கொள்ளாது என்பதைத் தீர்மானிக்கின்றார். திருகின் புரியிடைவெளியை எண்ணிப் பற்சக்கரங்களை மாற்றிப் பூட்டுகின்றார். வெட்டும் கருவியைச் சாணையில் தானே தீட்டிக்கொள்கின்றார். விடிவதற்குள் தண்டு ஆலைக்குச் செல்கின்றது. இப்பணியைச் செய்பவர் பெரும்பாலும் எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படித்தவர். பன்னிரண்டு பதின்மூன்று அகவையில் பட்டறைக்கு வந்தவரும் உளர். அவர் பொறியியல் படித்திலர். எனினும் பொறியியல் அவர் கையில் இருக்கின்றது.

இப்பொழுது அவர் பட்டறைக்குப் பக்கத்தில் வேறொரு பொறி வந்து நிற்கின்றது.

சி.என்.சி. என்று எல்லாரும் வழங்கும் அப்பொறியின் பொருள், கணிப்பொறி வழி எண்களால் ஆளப்படும் பொறி என்பதே. அதனை எண்ணாணைப் பொறி என யாம் இங்குக் குறிக்கின்றோம். எண்களை ஆணையாக ஏற்று இயங்குவது என்பது பொருள். இதன் தொடக்கம் அமெரிக்காவில். வானூர்திச் சுழலிகளின் இறகுகளுக்குரிய வளைவுகளைக் கையால் அளவு பிசகாது செதுக்குதல் அரிதாயிருந்தமையின், சான் பார்சன்சு என்பார் அளவுகளை எண்களாகத் துளையட்டையிற் பொறித்துப் பொறிக்கு ஊட்டும் வழியை எண்ணினார். மாசாச்சுசெட்சுத் தொழில்நுட்பக் கழகம் அக்கருத்தைச் செயற்படுத்தி, 1952-இல் எண்களால் இயங்கும் துருவற் பொறியை ஓட்டிக் காட்டியது. சப்பானும் செருமனியும் அக்கலையைத் தத்தம் நாட்டிற்குக் கொண்டுசென்று தம்மதாக்கிக்கொண்டன. இன்று உலகப் பட்டறைகளிற் பரவலாகக் காணப்படும் ஆளுகைக் கருவிகள் சப்பானின் பானுக்கு நிறுவனத்தினவும் செருமனியின் சீமன்சு நிறுவனத்தினவும் ஆகும்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. காலணித் தொழிலுக்கும் கடைசலுக்கும் உள்ள உறவு இதனினும் பழையது. 1819-இல் தாமசு பிளாஞ்சார்டு என்னும் அமெரிக்கர் ஒரு மாதிரியைத் தடவிச் சென்று அதே வடிவை மரத்திற் கடையும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கியின் மரப்பிடிக்காக எழுந்த அப்பொறி, காலணி தைப்பதற்குரிய கால்வடிவக் கட்டைகளைக் கடையவும் பயன்பட்டது. இன்று அக்கட்டைகளையும், அடித்தட்டு வார்க்கும் அச்சுகளையும் எண்ணாணைப் பொறிகள் செதுக்குகின்றன. ஆகவே ஆம்பூர்க் காலணிக்கும் இப்பொறிக்கும் உள்ள தொடர்பு நேற்று வந்ததன்று. இராணிப்பேட்டையில் 1980-களின் தொடக்கத்தில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலத் துணைப்பொறி ஆலையையும், அங்குள்ள சிப்காட்டுத் தொழிற்பேட்டைகளையும் சார்ந்து வாழும் சிறுபட்டறைகளுக்கும் இப்பொறி புறக்கணிக்க இயலாததாகிவிட்டது. நூறு உருப்படிகள் ஒரே அளவில் வேண்டும் என்று கேட்பவர், கைக்கடைசலை நாடுவதில்லை.

பொறி வந்தது குற்றமன்று. பொறியை வெறுக்கும் கூட்டத்தார் அல்லேம் யாம். நம் வினா வேறு. முப்பதாண்டுகள் இரும்பைக் கடைந்த ஒருவர் அப்புதுப்பொறியை ஏன் தொடாமல் நிற்கின்றார்? அதனை இயக்க ஏன் வேறொருவர் வருகின்றார்? அப்படி வருபவர் இரும்பறிவில் இவருக்கு மேற்பட்டவரா?

அல்லர் என்பதே விடை. வருபவர் பெரும்பாலும் இளைஞர். பட்டயமோ சான்றிதழோ பெற்றவர். பொறியின் திரையில் தோன்றும் ஆங்கிலச் சொற்களைப் படிக்க வல்லவர். அவ்வொன்றே அவரைப் பொறிக்கு முன்னும், முதியவரைப் பொறிக்குப் பின்னும் நிறுத்துகின்றது. முதியவர் செய்யக்கூடிய வேலை, உருப்படியை ஏற்றி இறக்குவதும் சீவல்களை வாரிக் கொட்டுவதுமாகச் சுருங்குகின்றது. ஊதியமும் அவ்வாறே சுருங்குகின்றது. நேற்றுவரை மற்றவர்க்குத் தொழில் கற்பித்தவர் இன்று தம் பட்டறையிலேயே எடுபிடி ஆகின்றார். இஃது ஒருவரின் தாழ்வன்று. ஒரு தலைமுறையின் பட்டறிவு முழுதும் குப்பையிற் கொட்டப்படுதல் என்க.

அவ்விளைஞரைப் பழித்தல் எம் நோக்கமன்று. அவரும் நம் பிள்ளையே. அவருக்கும் இம்முறையால் இழப்புண்டு. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து தேறிய அவருக்குப் பொறியின் பொத்தான்கள் தெரியும். மாழையின் இயல்பு தெரியாது. கருவி மழுங்கும் ஓசையை அவர் காது அறியாது. எஃகின் நிறம் நீலம் பாய்வதன் பொருளை அவர் கண் அறியாது. இருவரும் ஒரு பொறியின் முன் ஒன்றாய் நின்று ஒருவர்க்கொருவர் கற்பிக்க வேண்டியவர்கள். அவர்களுக்கிடையே ஒரு பூட்டுத் தொங்குகின்றது. அப்பூட்டின் பெயர் ஆங்கிலம்.

அப்பூட்டு எத்துணை வலியது என்பதையும் பார்த்துவிடுவோம். எண்ணாணைப் பொறிக்கு எழுதும் ஆணை நிரலில் ஆங்கிலச் சொற்றொடர் ஏதும் இல்லை, இலக்கணம் இல்லை, வேற்றுமையும் காலமும் இல்லை. ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகள் சிலவும் எண்களுமே உள்ளன. ஏழாம் எழுத்தாகிய 'சீ' அசைவைக் குறிக்கும். அதனோடு 00 சேர்ந்தால் வெட்டாமல் விரைந்து செல். 01 சேர்ந்தால் நேர்கோட்டில் வெட்டிச் செல். 02 சேர்ந்தால் வலஞ்சுழியாக வளை. 03 சேர்ந்தால் இடஞ்சுழியாக வளை. பதின்மூன்றாம் எழுத்தாகிய 'எம்' பொறியின் பிற வினைகளைக் குறிக்கும். அதனோடு 03 சேர்ந்தால் தண்டைச் சுழற்று. 05 சேர்ந்தால் நிறுத்து. 08 சேர்ந்தால் குளிர்நீர் திற. 30 சேர்ந்தால் நிரலை முடித்துத் தலைப்புக்குத் திரும்பு. கடைசற் பொறியில் 'எக்சு' என்பது குறுக்களவு. 'இசட்டு' என்பது நீளவாட்டு. 'எஃப்' என்பது ஊட்டம்.

"சீ 01 இசட்டு -30.0 எஃப் 0.2" என்று ஒரு வரி. இதன் பொருள்: கருவியை நேர்கோட்டில், உருப்படியின் முகப்பிலிருந்து 30 மி.மீ. உள்ளே வரை, சுற்று ஒன்றுக்கு 0.2 மி.மீ. வீதம் வெட்டிச் செலுத்துக. இதனைக் கடைசலர் அறியாரா? நாள்தோறும் கைப்பிடியைச் சுழற்றி அவர் செய்வது இதனையே. கையாற் செய்ததை எண்ணால் எழுத வேண்டும், வேறுபாடு அவ்வளவே. இத்தகைய குறியீடுகள் முப்பது நாற்பது தெரிந்தால் சிறு பட்டறையின் வேலைகளுட் பெரும்பாலனவற்றை முடிக்கலாம். பேருந்தின் தட எண்களை நினைவிற் கொள்ளும் மாந்தர்க்கு இஃது அரிதா?

இன்னும் ஒன்று. இப்பொறிகள் பலவற்றில், அமைப்பிற்கேற்ப, 50 என்று புள்ளியின்றி எழுதினால் 50 மி.மீ. எனப் பொறி கொள்ளாது. மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 50 கூறு, அஃதாவது 0.05 மி.மீ. எனக் கொள்ளும். ஒரு புள்ளி விடுபட்டதால் கருவி போய் உருப்படியின்மேல் மோதும், கருவி உடையும், சிலபோது பொறியின் தண்டே கோணும். புள்ளியின் ஆற்றலைத் தமிழர்க்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? ஒரு புள்ளியால் உயிர்மெய் மெய்யாவதைத் தொல்காப்பியர் காலந்தொட்டு அறிந்தவர் நாம். புள்ளியிட மறந்தால் பொருள் கெடும் என்னும் பாடத்தை முதல் வகுப்பிலேயே கற்ற பிள்ளைக்கு, இப்பொறியின் முதற்பாடத்தைத் தமிழிற் சொன்னால் ஒரு நாளிற் பதியும்.

கணக்கும் அவ்வாறே. 50 மி.மீ. குறுக்களவுள்ள எஃகுத் தண்டை நிமையத்திற்கு 80 மீட்டர் வெட்டு விரைவில் கடைய வேண்டுமெனின், 80-ஐ 1000-ஆற் பெருக்கி, அதனை 3.14, 50 ஆகிய இரண்டின் பெருக்கத்தால் வகுக்க, ஏறத்தாழ 510 சுற்றுகள் வரும். தண்டு 25 மி.மீ. ஆக மெலிந்தால் சுற்று இரட்டிக்க வேண்டும். புதுப்பொறி இதனைத் தானே செய்துகொள்ளும். அதற்கும் ஒரு குறியீடு உண்டு. பழைய கடைசலர் இக்கணக்கைத் தாளில் எழுதியதில்லை. தண்டு மெலிய மெலியச் சுற்றை ஏற்ற வேண்டும் என்பதை ஓசையால் அறிந்து பட்டையை மாற்றிப் போட்டார். அவர் அறிவுக்கு வாய்பாடு இல்லாமலிருந்தது, அறிவு இல்லாமலில்லை. அச்சுகள், ஆயத்தொலைவுகள், முக்கோணவியல் அனைத்தும் நம் பள்ளிகளில் தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றன. தமிழ்வழி பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை, பொறிக்குரிய கணக்கு முழுவதையும் தமிழிற் பெற்றவன். பட்டறை வாயிலில் அவனை நிறுத்தி, "உனக்கு ஆங்கிலம் தெரியுமா?" என்று கேட்பது, நீந்தத் தெரிந்தவனை ஆற்றங்கரையில் நிறுத்திக் குதிரையேறத் தெரியுமா என்று கேட்பதை ஒக்கும்.

பொறி அறியாதனவற்றையும் எண்ணிப் பாருங்கள். சொன்ன எண்ணுக்கு இயங்குவதே பொறியின் கடன். எந்த எண்ணைச் சொல்வது என்பதை அது சொல்லாது. மெலிந்து நீண்ட தண்டு நடுவில் வளையும் என்பதையும், கவ்வி மிக இறுகினால் மெல்லிய வளையம் முக்கோணமாய்ப் பிதுங்கும் என்பதையும், பற்றவைத்துப் பூசிய இடம் கல்போல் இறுகிக் கருவியை உண்ணும் என்பதையும் ஆணை எழுதுவோன் அறிந்திருத்தல் வேண்டும். உப்புநீரில் இயங்கும் தண்டுக்கு எந்த எஃகு உகந்தது என்பதைத் தோல் ஆலைகளோடு நாற்பதாண்டு பழகியவர் அறிவார். முதல் உருப்படியை ஓட்டுங்கால் விரைவைத் தணித்து, வரிவரியாக நகர்த்தி, கருவி கவ்வியை நெருங்கும் நொடியில் கை பொத்தானின்மேல் இருக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை, தண்டின் முன் விரலைக் காத்து வாழ்ந்தவர்க்கே இயல்பாய் வரும். இவ்வறிவை ஒதுக்கிவிட்டுப் பொறியை மட்டும் வாங்குபவர், ஏரை வாங்கி உழவனை விரட்டியவரே ஆவர்.

'தமிழில் இதெல்லாம் இயலுமா?' என்று கேட்கும் தமிழர் இன்னும் இருக்கின்றனர். அவர்க்கு வரலாறு விடை சொல்லும். சாமுவேல் பிசுக்கு கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847-இல் ஈழம் போந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860-களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறும் அறுவை மருத்துவமும் பேறுகால மருத்துவமும் வேதியலும் தமிழ் நூல்களாக வந்தன. அவரிடம் 60-க்கு மேற்பட்டோர் மருத்துவராய்ப் பயின்று வெளியேறினர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் உயிரைக் காக்கும் மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க அயலாரொருவர்க்கு இயன்றது; இன்று இரும்பைக் கடையும் கலையைத் தமிழிற் கற்பிக்க நமக்கு இயலாதா?

நம் காலத்திலும் முயற்சிகள் இல்லாமலில்லை. சென்னைக் கிண்டியில் 1986-இல் தொடங்கப்பெற்ற நடுவண் பயிற்று ஊடக நிறுவனம் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குரிய பாடநூல்களை உருவாக்கி வருகின்றது. தமிழிலும் சில வந்துள்ளன. மேல்நிலைத் தொழிற்கல்விக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் உண்டு. 2010-ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழி தொடங்கியது. அதே ஆண்டு, தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது முன்னுரிமை தரும் சட்டம் வந்தது. 2023-இல் உறுப்புக் கல்லூரிகளில் அத்தமிழ்வழி வகுப்புகளை நிறுத்தப்போவதாக அறிவிப்பு எழுந்தது. எதிர்ப்புக் கிளம்பியபின் திரும்பப் பெறப்பட்டது. தமிழ்வழிக் கல்வி எத்துணை மெல்லிய கயிற்றில் தொங்குகின்றது என்பதை அவ்வொரு நிகழ்ச்சியே காட்டும்.

ஆயின் இவை யாவும் மாணவர்க்கானவை. வகுப்பறையை என்றோ கடந்துவந்த, அல்லது வகுப்பறையையே காணாத பட்டறைத் தொழிலாளிக்கு இவற்றுள் எது எட்டுகின்றது? அவர் முன் நிற்கும் பொறியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில், திரை ஆங்கிலத்தில், இடர் நேர்ந்தால் செந்நிறத்தில் ஒளிரும் எச்சரிக்கை ஆங்கிலத்தில். எண்ணெய் தீர்ந்தது என்பதையும் கதவு திறந்துள்ளது என்பதையும் அறிய ஒருவர் அயன்மொழி கற்க வேண்டுமாம்! பானுக்கும் சீமன்சும் தம் திரைகளைச் சப்பானியம், செருமானியம், பிரஞ்சு, சீனம், கொரியம் எனப் பல மொழிகளில் மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்துள்ளன. கேட்ட இனங்களுக்கு அவை கிடைத்தன. கோவையில் இலட்சுமி இயந்திர நிறுவனம் 1988 முதல் பொறிக்கருவிப் பிரிவு அமைத்து எண்ணாணைக் கடைசற் பொறிகளைச் செய்துவருகின்றது. தமிழ் மண்ணில், தமிழர் கையால் உருவான பொறியும் தமிழர் பட்டறைக்கு வந்து ஆங்கிலத்திலேயே பேசுகின்றது. இதற்குத் தொழில்நுட்பத் தடையைக் காட்டித் தப்ப இயலாது. தமிழெழுத்து 1991-இலேயே ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டது. கையடக்கப் பேசிகளெல்லாம் தமிழ் காட்டுகின்றன. இல்லாதது நுட்பமன்று, கேட்பார் இல்லை.

'ஆங்கிலம் அறிந்தால் ஓசூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டிற்கும் வேலைக்குச் செல்லலாமே; தமிழிற் கற்பித்து அவர்களைக் கிணற்றுத் தவளைகளாக்குவதா?' என்பர் சிலர். ஆங்கிலத்தை மொழியாக எவரும் கற்கலாம், யாம் தடுக்கவில்லை. பொறியறிவுக்கு அதனை நுழைவாயிலாக்காதீர் என்றே சொல்கின்றோம். தமிழிற் பொறியை உள்ளவாறு அறிந்தவன், பின்னர் ஐம்பது ஆங்கிலச் சொற்களை ஒரு திங்களிற் கற்றுக்கொள்வான். ஆங்கிலச் சொற்களை மட்டும் கற்றுப் பொறியை அறியாதவன் எந்நாட்டிற்குச் சென்றாலும் பொத்தான் அழுத்துபவனாகவே இருப்பான். சப்பானியத் தொழிலாளி சப்பானியத்திற் கற்றான். அவன் செய்த பொறி உலகெங்கும் சென்றது.

இனிச் சொல்லாக்கம் பற்றி நம் அன்பர்களுக்கு ஒன்று. தொழிற்சொற்களை நாற்காலியில் அமர்ந்து புனைதல் போதாது. பட்டறையில் நடமாடும் தமிழை முதலில் தொகுத்தல் வேண்டும். லேத்து என்பதற்குக் கடைசல் என்னும் சொல் வாழ்கின்றது. அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்புக் கடைவோர் வாயில் அது நெடுங்காலமாக உள்ளது. மரை, திருகு, உளி, அரம், சாணை, பட்டறை, மட்டம், தூக்குக் குண்டு என எத்தனை சொற்கள் எண்ணெய்க் கறையோடு உயிர்வாழ்கின்றன! அங்குலத்தின் எட்டில் ஒரு கூற்றை நம் தச்சரும் கொல்லரும் நூல் என்பர். அதிற் பாதியை அரை நூல் என்பர். இத்தகைய சொல்லை விடுத்துப் புதிதாய் ஒன்றைப் புனைவது வீண். சொல் இல்லாதவிடத்துப் புனைக: கருவியின் நீளவேறுபாட்டைச் சரிசெய்யும் எண்ணை ஈட்டளவு என்க, உருப்படியின்றி ஓட்டிப் பார்ப்பதை வெற்றோட்டம் என்க, வரிவரியாக ஓட்டுவதை ஒற்றைவரி ஓட்டம் என்க. கடைசலரிடம் சொல்லிப் பார்த்து, அவர் வாயில் வழுக்கி விழாத சொல்லையே நிலைநிறுத்துக. வேற்றுமொழிச் சொல் வருங்கால் அதன் ஒலியைத் தமிழியல்புக்கு மாற்றிக்கொள்ளத் தொல்காப்பியர் வழிகாட்டியுள்ளமையையும் மறவற்க.

இதனை இப்பகுதியில் சொல்வதற்கு நமக்கு உரிமை மிகுதி. மொழிஞாயிறு பாவாணர் இளமையிற் பெற்றோரை இழந்து, ஆம்பூரில் தம் தமக்கையாரின் அரவணைப்பில் வளர்ந்தார். ஆம்பூர் மிசௌரி லூத்தரன் பள்ளியிற் பயின்று, பின் அங்கேயே ஆசிரியருமானார். பிற்காலத்தில் காட்பாடியில் வாழ்ந்து நூல்கள் யாத்தார். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு இயக்குநராய் அமர்த்தப்பெற்றார். எந்த வேர்ச்சொல்லையும் மக்கள் வாய்மொழியிலும் தொழிலிலும் தேடிய அறிஞர் நடந்த தெருக்கள் இவை. அத்தெருக்களில் ஒரு தமிழ்த் தொழிலாளி தன் தொழிலைத் தன் மொழியிற் கற்க வழியின்றி நிற்பது நமக்கு இழுக்கன்றோ?

எனவே, வேண்டுவன இவை:

1. தமிழ்நாட்டரசு 2022-இல் டாட்டா தொழில்நுட்ப நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி உருபாச் செலவில் புதுத்தொழில் நடுவங்களாக மேம்படுத்த முனைந்தது. மக்கள் வரியில் வந்த அப்பொறிகள் மாலை நேரங்களில் பட்டறைத் தொழிலாளர்க்கும் திறக்கப்படல் வேண்டும். வயது வரம்பும் கல்வி வரம்பும் வைக்கலாகாது. நுழைவுத் தேர்வு தேவையெனின், ஒரு தண்டைக் கடையச் சொல்லித் தேர்க.

2. அப்பயிற்சி முழுதும் தமிழில் நடைபெறல் வேண்டும். குறியீடுகள், கணக்கு, காப்புமுறை, இடர்ச்செய்திகள் ஆகியவற்றைத் தமிழில் விளக்கும் கையடக்க நூலொன்று அச்சாகிப் பட்டறைகளுக்கு விலையின்றி வழங்கப்படல் வேண்டும்.

3. அரசும் அரசுசார் நிறுவனங்களும் வாங்கும் ஒவ்வோர் எண்ணாணைப் பொறிக்கும் தமிழ்த் திரையும் தமிழ்க் கையேடும் வேண்டுமென ஒப்பந்தத்திலேயே விதித்தல் வேண்டும். வாங்குபவன் கேட்டால் விற்பவன் தருவான்.

4. பட்டறையுரிமையாளர்கள் முதிய கடைசலரையும் பயின்ற இளைஞரையும் ஒரே பொறியில் இணையாக அமர்த்துதல் வேண்டும். ஒருவர் எண்ணைச் சொல்ல, மற்றவர் மாழையைச் சொல்ல, ஈராண்டில் இருவரும் முழுத் தொழிலாளர் ஆவர். இதனால் உரிமையாளர்க்கு உடையும் கருவிகளும் குறையும்.

5. தமிழன்பர்கள் தத்தம் ஊர்ப் பட்டறைகளுக்குச் சென்று சொற்களைத் தொகுத்தல் வேண்டும். மேடையில் ஒரு மணி நேரம் முழங்குவதைக் காட்டிலும், ஒரு பொறியின் பக்கத்தில் அதன் இடர்ச்செய்திகளைத் தமிழில் எழுதித் தொங்கவிடும் ஒரு தாள் மிகுபயன் தரும்.

தொழிலுறவோர்க்கும் ஒரு சொல். அஞ்சற்க. உங்களை அச்சுறுத்தும் அத்திரையின் பின்னே இருப்பது நீங்கள் நாள்தோறும் செய்த வேலையே. கைப்பிடியில் இருந்த கோடுகள் இப்போது திரையில் எண்களாய் நிற்கின்றன. கவ்வியும் கருவியும் தண்டும் மாறவில்லை. ஒரு நூலேட்டை வாங்கி, நாளுக்கு ஒரு குறியீட்டைத் தமிழிற் பொருளெழுதி வையுங்கள். தெரிந்த இளைஞரிடம் கேளுங்கள், கேட்பதில் தாழ்வில்லை. அவர்க்குத் தெரியாததை நீங்களும் சொல்லிக் கொடுங்கள்.

தாய்மொழி என்பது பாட்டிலும் பட்டிமன்றத்திலும் மட்டும் வாழ்வதாயின் அது விழாக்கால அணி. அது பட்டறையில் எண்ணெய்க் கையோடு புழங்க வேண்டும். நள்ளிரவில் முறிந்த தண்டின் முன் நின்று வழிகாட்ட வேண்டும். உழைப்பவன் கூலியை உயர்த்த வேண்டும். அன்றே தமிழ் வாழ்கின்றது என்று நாம் நெஞ்சுயர்த்திச் சொல்லலாம். ஆங்கிலப் பூட்டுக்குத் திறவுகோல் பாலாற்றங்கரைப் பட்டறைகளிலேயே கிடக்கின்றது. அதனை எடுத்துத் திறக்கும் கைகள் நம்முடையனவாகுக!